மோட்டார் போடுகிறவர் யார்?

மலேரியா எதனால் வருகிறது என்று வடசென்னையில் யாரைக் கேட்டாலும் "கொசுவாலதான்" என்று பட்டென்று பதில் வரும். பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும், மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கும் ஆயாவும் சொல்வார். அதனால் "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி பார்ப்பதும், காய்ச்சல்காரர்களைத் தேடிப் பிடித்து ரத்தப் பரிசோதனை செய்ய வைப்பதும், கொடுத்த மாத்திரையை முழுசாகச் சாப்பிட வைப்பதும் பல வருஷம் என் வேலை. அங்கே என்னோடு மல்லுக்கு நின்றது அறியாமை இல்லை. மொட்டை மாடிச் சாவி யாரிடம், தொட்டி மூடிக்கு யார் காசு போடுவது, காய்ச்சல்தான் விட்டுப்போச்சே இன்னும் எதுக்கு மாத்திரை என்பது மாதிரியான கேள்விகள்தான்.

இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் அவ்வப்போது யோசனை கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொசு. சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி. இது நல்ல தண்ணீர்க் கொசு. மாடித் தொட்டி, கிணறு, சம்ப், கட்டடம் எழும்பும் இடத்தில் தேக்கிவைத்த தண்ணீர் ஆகியவற்றில்தான் முட்டையிடும். சாக்கடையில் வளர்வது பெரும்பாலும் க்யூலெக்ஸ். ராத்திரி தூங்கவிடாமல் கடிப்பதும் யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான், ஆனால் மலேரியா அதனால் வராது. இதை ஜனங்கள் லேசில் நம்ப மாட்டார்கள். வாசலில் கால் வைத்ததுமே, "மொதல்ல அந்தக் கால்வாயைத் தூர் வாரச் சொல்லும்மா, அப்புறம் எங்க வீட்டுத் தொட்டியப் பாக்கலாம்" என்பார்கள்.

இங்கே நின்று கொசு இனங்களைப் பற்றிப் பாடம் எடுத்தால் கதவு சாத்தப்படும். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நாறும் கால்வாய்க்குப் பக்கத்தில் குடியிருப்பவரிடம் போய், உன் வீட்டுக்குள்தான் கொசு வளர்கிறது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அதனால் நான் முதலில் நோட்டை எடுத்துக் கால்வாய்ப் புகாரை எழுதிக்கொள்வேன். அவர்கள் கண் எதிரிலேயே மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் போட்டுப் பதிவு செய்வேன். கிடைக்கும் புகார் எண்ணை அவர்கள் வீட்டுக் காலண்டரில் எழுதிவைக்கச் சொல்வேன். கால்வாய் மறுநாளே சுத்தமாகிவிடாது. ஆனால் அதன்பிறகு "சரி, மாடிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாமாக்கா?" என்று கேட்டால் மறுத்தவர்கள் குறைவு.

மாடியில் பேச்சுக்கு வேலையே இல்லை. தொட்டிக்குள் டார்ச் அடித்தால் போதும். அனாஃபிலிஸ் புழு தண்ணீர் மேல்பரப்பில் குச்சி போலப் படுத்துக் கிடக்கும். மற்றக் கொசுக்களின் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். நம் நிழல் விழுந்த நொடியில் நெளிந்து கீழே போய்விடும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக மேலே வரும். அந்தத் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு காட்டினால், "ஐயே, இதுலயா பாத்திரம் கழுவுனேன்" என்ற சத்தம் நிச்சயம். அதோடு விடுவதில்லை. இரண்டு மூன்று புழுக்களை வாய் அகலமான பாட்டிலில் விட்டு, மேலே துணி கட்டி, வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன். துணியை மட்டும் அவிழ்க்கக் கூடாது என்பது நிபந்தனை. சில நாளில் புழு கூட்டுப்புழுவாகி, கொசுவாகிப் பறந்து துணியில் முட்டும். பிள்ளைகள் தெருவெல்லாம் சொல்லிவிடுவார்கள். எந்த நோட்டீஸும் அந்த பாட்டில் செய்த வேலையைச் செய்ததில்லை. வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால்தான் வாரத்துக்கு ஒரு தடவை தொட்டியைக் காலி செய்து தேய்க்கச் சொல்கிறோம். கணக்கு அவர்களுக்கே கண்ணால் புரிந்துவிடுகிறது.

ஆனால் புரிந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கும். அந்தப் பக்கம் ஒண்டுக்குடித்தன வீடுகள் நிறைய. ஒரு கட்டடத்தில் ஏழெட்டுக் குடும்பம், மேலே ஒரே தொட்டி. ஹவுஸ் ஓனர் வேறு ஏரியாவில் இருப்பார். மாடிக் கதவுக்குப் பூட்டு. மூடி உடைந்திருக்கும், இல்லாவிட்டால் வர்தா புயலில் பறந்துபோனது போனதுதான். "எங்க தொட்டியா அது? ஓனருதானே மூடி வாங்கிப் போடணும்" என்று குடித்தனக்காரர் சொல்வார். "தண்ணி புழங்குறது அவங்க, ஒரு மூடி வாங்க முடியாதா" என்று ஓனர் சொல்வார். கொசுவுக்குக் கொண்டாட்டம்.

இந்த மாதிரி வீட்டில் ஒவ்வொரு குடும்பமாகப் பேசி எந்தப் பிரயோஜனமும் இல்லை. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இங்கே மோட்டார் போடுகிறவர் யார்? எல்லா ஒண்டுக்குடித்தனத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் கீழ்வீட்டு அக்கா. மெட்ரோ வாட்டர் எப்போது வரும், சம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது, எத்தனை மணிக்கு மோட்டார் போட்டு எப்போது நிறுத்த வேண்டும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. மாடிச் சாவியும் பெரும்பாலும் அவர் இடுப்பில்தான். ஓனர் அவர் பேச்சைக் கேட்பார், குடித்தனக்காரர்கள் அவரைப் பகைத்துக்கொள்ள மாட்டார்கள். அவரைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தொட்டியை என்றைக்குக் கழுவுவது என்று அவரே முடிவு செய்வார். தண்ணீர் வரத்துத் தெரியாமல் "வெள்ளிக்கிழமை தொட்டியைக் காலி பண்ணுங்க" என்று நாம் சொன்னால், அன்றைக்குத் தண்ணீர் வராத தெருவில் நம்மைத் திட்டத்தான் செய்வார்கள். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கி ஓடும் நாளில் நிறைந்த தொட்டியைக் கொட்டச் சொல்வது பாவமும்கூட. அப்போது காலி செய்யும் பேச்சை விட்டுவிட்டு, இறுக்கமாக மூடுவது ஒன்றை மட்டும் கேட்பேன்.

மூடி விஷயத்தில் ஓனரைப் பிடிக்க வாடகை வாங்க வரும் நாள்தான் சரியான நாள். மாதத்தின் முதல் வாரத்தில் மாலை நேரம் போனால் ஆள் சிக்குவார். போனில் தட்டிக் கழிப்பவர் எல்லாக் குடித்தனக்காரர்களுக்கும் எதிரில் அப்படிச் செய்ய மாட்டார். கொசுப்புழு வளரும்படி தண்ணீரைத் தேக்கிவைக்கக் கூடாது என்று 1939ஆம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது, மாநகராட்சியால் நோட்டீஸ் கொடுக்க முடியும். அதைச் சொல்லலாம், ஆனால் கடைசியாகச் சொல்ல வேண்டும். முதலிலேயே சட்டத்தை எடுத்தால் அந்தக் கோபம் குடித்தனக்காரர் தலையில் போய் விடியும்.

மூடி வந்த பிறகும் ஓரத்தில் பார்க்க வேண்டும். தண்ணீர் ஏறும் ஹோஸைச் செருகியதால் மூடி ஒரு விரல் அளவு தூக்கிக்கொண்டிருக்கும். நிரம்பி வழியும் குழாய் வாய் திறந்தே கிடக்கும். கொசுவுக்கு அது போதும். பழைய வேட்டித் துணியோ நைலான் வலையோ சுற்றிக் கட்டினால் தீர்ந்தது, செலவே இல்லை.

தொட்டியில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றுவதற்கு எதிர்ப்பு இருக்கும். குடிநீரிலும் போடக்கூடிய மருந்துதான், உலக சுகாதார நிறுவனம் அதற்கு அளவு சொல்லியிருக்கிறது. ஆனால் வாடை அடிக்கிறது என்பார்கள், அதுவும் உண்மை. மோட்டார் அக்காவிடம் "எல்லாரும் சமையலுக்குப் பிடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் ஊற்றினால் சண்டை வராது. கிணறு என்றால் கம்பூசியா மீன் நல்ல வழி, புழுவைத் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடர் கொட்டினால் மீன் செத்துவிடும் என்பதை மட்டும் விடும்போதே சொல்லிவிட வேண்டும்.

புகை வண்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜனங்களுக்குப் புகைதான் வேண்டும். தெருவில் டர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு வெள்ளைப் புகை வந்தால், வேலை நடக்கிறது என்று கவுன்சிலரிலிருந்து எல்லோருக்கும் திருப்தி. அந்த நேரத்தில் பறக்கும் கொசுவில் கொஞ்சம் சாகும், அவ்வளவுதான். தொட்டியில் கிடக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. யாருக்காவது மலேரியா உறுதியான தெருவில் உடனே அடிப்பதற்கு அர்த்தம் உண்டு. மற்றபடி அது கண்காட்சி. ஆனாலும் புகை வரும் நாளை வீணாக்காதீர்கள். கதவு எல்லாம் திறந்திருக்கும், ஜனம் வெளியில் நிற்கும், தொட்டி பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

இனி காய்ச்சல். இப்போதெல்லாம் காய்ச்சல் என்றாலே "டெங்குவா?" என்றுதான் முதல் கேள்வி. டெங்கு இல்லை என்று தெரிந்தால் நிம்மதி, அடுத்து டைஃபாய்டு என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மலேரியாவுக்குப் பார்த்தீர்களா என்று கேட்டால் விழிப்பார்கள். குளிர் நடுங்கி வந்து, வியர்த்து விட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் திரும்பும் என்பது புத்தகத்தில் இருக்கும் காய்ச்சல். நேரில் பல பேருக்கு அப்படி ஒழுங்காக வருவதில்லை. அதனால் எந்தக் காய்ச்சலானாலும் ரத்தத்தடவல் ஒன்று எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். விரல் நுனியில் ஒரு குத்து, ஓரிரு சொட்டு ரத்தம்.

அந்த ஓரிரு சொட்டுக்கும் முரண்டு பிடிக்கிறவர்கள் உண்டு. விசாரித்தால், "போன தடவையும்தான் எடுத்துட்டுப் போனாங்க, என்ன ஆச்சுன்னு யாரும் வந்து சொல்லலையே" என்பார்கள். இந்தக் குறையைப் பல வாசல்களில் கேட்டிருக்கிறேன். கிருமி இல்லை என்றால் சொல்ல என்ன இருக்கிறது என்று நம் பக்கம் நினைத்துவிடுகிறோம். ரத்தம் கொடுத்தவருக்கு அது பதில் வராத கடிதம். பாசிட்டிவோ நெகட்டிவோ, முடிவு திரும்பிப் போக வேண்டும். "உங்களுக்கு மலேரியா இல்ல, காய்ச்சல் விடலைன்னா மறுபடி டாக்டரைப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்த வீட்டில், அடுத்த தடவை விரல் தானாக நீளும். உடனே முடிவு சொல்லும் பரிசோதனைக் கிட் கையில் இருந்தால் இன்னும் சுலபம், கால்மணி இருபது நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

நான் அதிகம் மல்லுக்கட்டியது பதினாலு நாள் மாத்திரையோடுதான்.

சென்னையில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. குளோரோகுயின் மூன்று நாள் கொடுத்தால் ரத்தத்தில் இருக்கும் கிருமி ஒழியும், காய்ச்சல் விட்டுவிடும். ஆனால் ஈரலுக்குள் கொஞ்சம் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து வந்து மறுபடி படுக்கவைக்கும். அதை அழிப்பது பிரைமாகுயின், பதினாலு நாள். மூன்றாம் நாளே எழுந்து வேலைக்குப் போகிறவரிடம் இன்னும் பதினொரு நாள் மாத்திரை சாப்பிடு என்றால் எப்படிச் சாப்பிடுவார்?

ஈரல், கிருமி, தூக்கம் எல்லாம் சொல்லிப் பார்த்தால் தலையாட்டுவார்கள். அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒன்று தண்டல். தினமும் ஆள் வந்து வசூலித்து அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் கடன். "அண்ணே, மூணு நாள் மாத்திரை வட்டி கட்டுன மாதிரி. அசல் அப்படியே நிக்குது. பதினாலு நாள் முடிச்சாதான் கணக்குத் தீரும்" என்றேன் ஒரு ஆட்டோ ஓட்டுநரிடம். சிரித்துவிட்டார். பிறகு தண்டல் அட்டை மாதிரியே பதினாலு கட்டம் போட்ட அட்டை அடித்துக்கொண்டோம். மாத்திரையோடு அட்டை, தினமும் வீட்டில் ஒரு ஆள் டிக் போட வேண்டும். அந்த ஆளை நோயாளியே சொல்வார். மனைவியைச் சொன்னவர்களைவிட மகளைச் சொன்னவர்கள் ஒழுங்காக முடித்தார்கள் என்பது என் அனுபவம். ஏழாவது வகுப்புப் பிள்ளையிடம் பொய் சொல்வது கஷ்டம் போலிருக்கிறது.

நஷ்டக் கணக்கை அவர் வாயாலேயே வரவழைப்பதும் பலன் தரும். "போன தடவை படுத்தப்ப எத்தனை நாள் வண்டி எடுக்கல?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும். வண்டி வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம் என்று அவரே கூட்டிக்கொள்வார்.

பாதியில் நிறுத்துவதற்கு மூன்று காரணம் அடிக்கடி வரும். ஒன்று, வயிறு எரிகிறது. வெறும் வயிற்றில் போட்டால் எரியத்தான் செய்யும், சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். விடியற்காலை மீன்பிடித் துறைமுகத்துக்கும் கடலுக்கும் போகிறவர்கள் காலையில் சாப்பிடுவதே இல்லை. அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றிச் சொன்னால் சரியாகிவிடும். இரண்டாவது, சனிக்கிழமை. குடிக்க வேண்டும், மாத்திரை போட்டால் குடிக்கக் கூடாதாம், அதனால் மாத்திரையை விட்டுவிட்டேன் என்பார்கள். உபதேசத்துக்கு இது நேரம் இல்லை. குடியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்பேன், முடியாது என்றால் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பேன். மூன்றாவது காரணத்துக்கு மட்டும் நிறுத்தியே ஆக வேண்டும்: சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பவர்களுக்கு பிரைமாகுயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இந்த மாத்திரை கிடையாது. அதனால்தான் மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக் காய்ச்சலுக்குத் தானம் செய்வதை நான் கடுமையாகவே கண்டிப்பேன். நல்ல மனசோடு செய்வார்கள், ஆனால் ஆபத்து.

கொசுவலைக்கு வருகிறேன். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர், மே மாத வெக்கை, ஒரே ஃபேன். வலைக்குள் காற்றே வராது. மாட்டலாம் என்றால் சுவரில் ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மட்டுமாவது மடக்கு வலை என்று கேட்பேன். அதற்கு மேல் வற்புறுத்துவதில்லை. ஸ்டீபென்சி சாயங்காலத்திலிருந்தே கடிக்கும், அந்த நேரத்தில் யாரும் வலைக்குள் இருப்பதும் இல்லை. தொட்டி மூடினால் கிடைக்கும் பலன் இங்கே பெரிது.

இப்போது மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது. தமிழ்நாட்டின் மலேரியாவில் பாதிக்கு மேல் சென்னையில் என்று இருந்த நிலை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். குறைந்ததால் இன்னொரு தொல்லை: "இன்னுமா மலேரியா?" என்று கேட்கிறார்கள். இந்தியாவில் 1965இல் வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்குக் கீழே இறங்கிய நோய் இது. ஒழிந்தது என்று கை தளர்ந்தோம், 1976இல் 64 லட்சத்துக்கு மேல் போனது. இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியது. அதே காலத்தில் நம் ஸ்டீபென்சி மன்னாரில் தலைகாட்டியது. அதனால்தான் காய்ச்சலோடு ஊர் திரும்புகிறவர்களை அங்கே இன்னமும் விடாமல் சோதிக்கிறார்கள்.

நமக்கு அப்படி வெளியிலிருந்து கிருமி வந்து சேரும் இடம் கட்டடம் எழும்பும் சைட்டுகள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், வங்காளத்திலிருந்து வரும் தொழிலாளிகள் தகர ஷெட்டில் படுத்திருப்பார்கள். சிலர் ஊரிலிருந்தே கிருமியோடு வருவார்கள். அதில் ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகையும் இருக்கும், அது மூளையைத் தாக்கி ஆளையே கொன்றுவிடலாம். சிகிச்சையும் வேறு. பக்கத்திலேயே கான்கிரீட்டுக்குப் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர், லிஃப்ட் குழி, திறந்த தொட்டி. கொசுவுக்கும் கிருமிக்கும் ஒரே முகவரி.

அங்கே மோட்டார் அக்காவின் இடத்தில் இருப்பவர் மேஸ்திரி. இன்ஜினியரிடம் பேசினால் அனுமதி கிடைக்கும், மேஸ்திரியிடம் பேசினால்தான் காரியம் நடக்கும். "நாலு ஆள் படுத்தா உங்க ஸ்லாப் வேலை எத்தனை நாள் தள்ளும்ணே?" என்று ஆரம்பிக்க வேண்டும். போகும் நேரம் முக்கியம். பகலில் போனால் வேலை கெடுகிறது என்று விரட்டுவார்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல், அடுப்பு மூட்டிச் சோறு பொங்கும் நேரத்தில் போனால் எல்லோரும் இருப்பார்கள், மாத்திரையையும் சாப்பிட்ட கையோடு நம் எதிரிலேயே விழுங்க வைக்கலாம். பாஷை தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். அவர்களிலேயே தமிழ் கொஞ்சம் பழகிய ஒரு பையன் இருப்பான். அவன் பேரைக் கேட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அவனையே தேடுங்கள். ரத்தம் எதற்கு என்று அவன் சொன்னால் பயம் போய்விடும். வேறு சைட்டுக்கு மாறும்போது மீதி மாத்திரையும் அட்டையும் கையோடு போக வேண்டும். எந்த ஏரியா என்று மேஸ்திரியிடம் கேட்டு அந்தப் பகுதி சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். நம் நம்பரை மேஸ்திரி போனில் நாமே சேவ் பண்ணிக் கொடுத்துவிட்டு வருவது நல்லது. சென்ட்ரலில் புது ஆட்கள் வந்து இறங்கினால், ஷெட்டுக்கு வந்த அன்று ராத்திரியே அவர் கூப்பிட வேண்டும்.